சாரி கார்டைக் கழற்றணுமா?

சென்னையிலிருந்து வந்திருந்த என் அக்கா மகன் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தான். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். இங்கிலாந்தில் ரெட்டிச் தொழிற்சாலைக்காரர்கள் ஐம்பதுகளில் அச்சடித்த புல்லட் விளம்பரத்தின் நகல். தாளைப் பார்ப்பான், வண்டியைப் பார்ப்பான், மறுபடி தாளைப் பார்ப்பான். கடைசியில் பின்சக்கரத்துக்கு இடதுபக்கம் குந்தி உட்கார்ந்தான்.

“மாமா, மொதல்ல இந்தக் கம்பியக் கழட்டிடணும். ஒரிஜினல்ல இது கெடையாது.”

அவன் கைவைத்த கம்பி சாரி கார்டு. எங்கள் அப்பா 1971-ல் இந்த 350 சி.சி. புல்லட்டை வாங்கிய வாரமே விருத்தாசலத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்து மாட்டியது. அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்து, கம்மாபுரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டையில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்வந்ததெல்லாம் அந்தக் கம்பியை நம்பித்தான். அதன் அடியில் கால் வைக்க ஒரு சின்னத் தகடு உண்டு. தகட்டில் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். அம்மாவின் செருப்புக் குதிகால் படும் இடம்.

“உங்க பாட்டி கால் வெச்ச தகடுடா அது” என்றேன்.

“சென்டிமென்ட் வேற, ரெஸ்டோரேஷன் வேற மாமா.”

பேச்சு அன்றைக்கு முடியவில்லை. ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் தொடர்கிறது. பழைய மோட்டார் சைக்கிள் இருக்கிற பல வீடுகளில் இந்தச் சண்டை இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆலை வாசலைத் தாண்டிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே வண்டியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது ஒரு கட்சி. ஓட்டுவதற்குத் தோதாக நாலு இடத்தில் மாற்றிக்கொண்டு சந்தோஷமாக ஓட்டுவோம் என்பது இன்னொரு கட்சி. நான் ஓட்டுகிற கட்சி. ஆனால் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லை எதிர்க்கட்சிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வர எனக்கு மனமில்லை.

புல்லட் விஷயத்தில் ஒரிஜினல் எது என்பதே கொஞ்சம் வில்லங்கம்தான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் நம் ராணுவத்துக்கு 800 வண்டி கேட்டதில் ஆரம்பித்த கதை இது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டித்தான் வண்டியாக்கினார்கள். 1957-ல் கருவிகளும் அச்சுகளும் வந்துசேர்ந்தன. 1962-க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே ரெட்டிச் ஆலையை 1967-ல் மூடினார்கள். 1970-ல் இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்ற பெயரில் வண்டி செய்வதே நின்றுபோனது. 1977-லிருந்து திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. ஆக, எங்கள் அப்பா வண்டி வாங்கிய வருஷத்தில் புல்லட் என்று புதிதாக வந்ததெல்லாம் மெட்ராஸ் புல்லட்தான். பிறந்த வீட்டில் விளக்கணைந்து, வாக்கப்பட்ட வீட்டில் வாழ்ந்த வண்டி.

அதற்குப் பிறந்த வீட்டுத் தாளைக் கொண்டுவந்து ஜாதகப் பொருத்தம் பார்த்தால் எப்படி? சாரி கார்டு இந்த ஊரில் வாழவந்த வண்டிக்கு இந்த ஊரில் முளைத்த உறுப்பு. பிற்பாடு சட்டமே அதைக் கேட்டு வாங்கியது. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதியைப் படித்துப் பாருங்கள். பின்னால் உட்காருகிறவரின் துணி சிக்காதபடி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ரெட்டிச் ஓவியர் வரைந்த படத்தில் புடவை கட்டிய பெண்மணி இல்லை. அது அவருடைய குற்றமல்ல.

வண்டியின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா முந்திரிக்கொட்டை வாங்கி விற்றவர். பண்ருட்டிக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில் அவர் போகாத தோப்பு இல்லை. 1998-ல் அவர் காலமான பிறகு வண்டி மாட்டுக் கொட்டாயில் பதினோரு வருஷம் நின்றது. டேங்குக்குள் துரு, சீட்டுக்குள் எலிக் குடும்பம், ஹெட்லைட்டுக்குள் குளவிக்கூடு. 2009-ல் தள்ளி வெளியே எடுத்தேன். எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பியூஸ் கட்டை அச்சில் அழுத்திச் சூளையில் சுட்டுப் பிழைத்தவன். நெய்வேலிச் சுரங்கத்தில் கிடைத்த வெள்ளைக் களிமண் எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. என் குடும்பமும் அதில் ஒன்று.

எங்கள் ஊர் மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துச் சாக்கின் மேல் பரப்பிவிட்டுக் கனெக்டிங் ராடை என் கையில் கொடுத்தார். பெரிய முனை கிராங்கின் மேல் கடகடவென்று ஆடியது. பழைய புல்லட்டில் அந்த இடத்தில் ரோலர் கிடையாது. கிராங்க் பின்னுக்கும் ராடுக்கும் நடுவில் ஒரு புஷ் மிதக்கும். உள்ளேயும் வெளியேயும் எண்ணெய்ப் படலம், அதன்மேல்தான் அதன் ஜீவனம். ஆயிலைச் சுத்தமாக வைத்துக்கொண்டு ஐம்பது அறுபதில் போகிறவனுக்கு அது உழைத்துக் கொட்டும். நெடுஞ்சாலையில் எண்பதுக்கு மேல் பிடித்து வைத்தால் சூடேறிக் கடித்துக்கொள்ளும்.

“பழைய மாதிரி புஷ்ஷே போட்டுடவாண்ணே, இல்ல ரோலர் ராடு வாங்கிட்டு வரீங்களா?” என்று கேட்டார்.

ஒரு நாள் யோசித்தேன். அப்பா காலத்தில் சேத்தியாத்தோப்பு ரோட்டில் எதிரே வருவது மாட்டு வண்டியும் டவுன் பஸ்ஸும். இன்றைக்கு வருவது டிப்பர் லாரி. அவன் பின்னால் வந்து ஹாரன் அடிக்கும்போது நான் எண்பதைத் தொட்டே ஆக வேண்டும். ரோலர் ராடு போட்டேன். வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது, எனக்கும் மெக்கானிக்குக்கும் தவிர.

அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பிளாட்டினம் என்று நாங்கள் சொல்லும் கான்டாக்ட் பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன். 6 வோல்ட் மின்மினி வெளிச்சத்தை எடுத்துவிட்டு 12 வோல்ட். அமால் கார்புரேட்டரின் ஸ்லைடு தேய்ந்து, வண்டி நிற்கும்போதெல்லாம் இருமியது. அதை எடுத்துவிட்டு மிக்கார்ப்.

பிளாட்டினம் போனதில் எனக்கே ஒரு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. அப்பா வண்டியைக் கிளப்பும் விதம் ஒரு பூஜை மாதிரி இருக்கும். சாவியைத் திருப்புவார். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே அம்மீட்டரைப் பார்ப்பார். பிளாட்டினம் மூடியிருக்கும்வரை முள் இடதுபக்கம் சாய்ந்திருக்கும். திறக்கிற கணத்தில் துள்ளி நடுவுக்கு வரும். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இடதுகையில் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக் கிக்கரை ஒரு விரற்கடை கீழே தள்ளுவார். லீவரை விடுவார். கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பை ஏற்றி ஒரே மிதி. அவசரப்பட்டு உச்சிக்கு முன்னாலேயே மிதித்தவனைக் கிக்கர் திருப்பி அடிக்கும். எங்கள் சித்தப்பா ஒரு மாசம் கணுக்காலில் கட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு என் வண்டியில் முள் அப்படித் துள்ளுவதில்லை. காலில் உணர்ந்துதான் உச்சியைக் கண்டுபிடிக்கிறேன். இதை இழப்பு என்றே சொல்கிறேன்.

ஆனால் திருப்பிக் கொண்டுவரக்கூடிய இழப்பு. என் வாதமே இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது.

சூளையில் வேலை பார்த்தவனுக்கு எது திரும்பும், எது திரும்பாது என்று பார்க்கிற புத்தி தானாக வந்துவிடும். காய்ந்த பச்சைக் கட்டை கைதவறி உடைந்தால் கவலையில்லை. தொட்டியில் போட்டு ஊறவைத்தால் மறுபடி மண்ணாகிவிடும். அதே கட்டை 1,200 டிகிரி வெப்பத்தைத் தாண்டி வெளியே வந்த பிறகு உடைந்தால், எந்தத் தண்ணீரும் அதை மண்ணாக்காது. வண்டியிலும் இந்த இரண்டு ரகமும் இருக்கின்றன. நட்டுப் போல்ட்டில் மாட்டியதெல்லாம் பச்சை மண். என் எலெக்ட்ரானிக் இக்னிஷனைக் கழற்றி, சாக்கில் கட்டி வைத்திருக்கும் பிளாட்டினம் செட்டை மாட்ட ஒரு சாயங்காலம் போதும். சுரண்டி எடுத்த பெயிண்ட் சுட்ட மண்.

இந்த இடத்தில்தான் ஒரிஜினல் கட்சிக்காரர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அக்கா மகனின் சிநேகிதர்கள் செய்த வண்டிகளைப் போட்டோவில் காட்டினான். பிரேமிலிருந்து மட்கார்டு வரை எல்லாவற்றையும் மணல் அடித்து வெள்ளி மாதிரி ஆக்குகிறார்கள். பள்ளங்களைப் பட்டி போட்டு நிரவுகிறார்கள். ஐந்து கோட்டுப் பெயிண்ட், கண்ணாடி மாதிரி குரோம், டெல்லி கரோல்பாகிலிருந்து வரவழைத்த புது பேட்ஜ். கண்காட்சியில் கோப்பை வாங்குகிறது. உழைப்பைக் குறை சொல்லமாட்டேன், அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது. ஆனால் 1965-ல் ஆலையிலிருந்து எந்தப் புல்லட்டும் இத்தனை பளபளப்பாக வெளியே வந்திருக்காது. டேங்கின் மேல் ஓடும் தங்கநிறக் கோட்டைத் திருவொற்றியூரில் மனிதர்கள் தூரிகை பிடித்துக் கையால் இழுத்தார்கள். என் வண்டியில் அந்தக் கோடு வலதுபக்கம் முடிகிற இடத்தில் நூலளவு தடித்திருக்கிறது. அந்த ஆள் அங்கே மூச்சு விட்டிருப்பார். அதை மணல் அடித்து அழித்துவிட்டு, டேப் ஒட்டி நேர்க்கோடு போட்டு, அதற்கு ‘ஒரிஜினல்’ என்று பேர் வைக்கிறார்கள்.

ஓட்டுகிறவன்தான் பழைய வண்டியைக் கெடுக்கிறான் என்பது பொதுவான பேச்சு. நான் பார்த்தவரை, திரும்பி வராத காரியத்தை அதிகம் செய்வது புதுசாக்குகிறவர்தான்.

ஓட்டுகிறவர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்று சொல்லவரவில்லை. பிரேமை அறுத்து நீள ஃபோர்க் வைத்தவர்களை எனக்குத் தெரியும். பின் மட்கார்டைப் பாதியில் வெட்டி எறிந்துவிட்டு, மழைக்காலத்தில் முதுகெல்லாம் சேறோடு வந்து இறங்குகிறவர்களையும் தெரியும். நானே சிலிண்டரைப் போர் போட்டேன். 70 மில்லிமீட்டர் துளையில் வழித்தெடுத்த இரும்பு லேத் பட்டறைத் தரையில் சுருள்சுருளாகக் கிடந்தது. ஸ்லீவ் போட்டு அளவை மீட்கலாம், இரும்பை மீட்க முடியாது. அதைவிடப் பெரிய பாவம் ஒன்று செய்தேன். கழற்றிய அமால் கார்புரேட்டரைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டேன். டீக்காசு கிடைத்தது. சாக்கில் கட்டி வைக்கும் பழக்கமே அதற்குப் பிறகு வந்ததுதான்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய இருசக்கர வாகனமும் காரும், சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவத்தில் இருந்தால் ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்துகொள்ளலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் கழித்துப் புதுப்பிக்க 5,000 ரூபாய். புது நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். பழசை இரும்புக் கடைக்கு அனுப்பாமல் காப்பாற்ற அரசு யோசித்ததே பெரிய விஷயம், அந்தமட்டில் நன்றி. ஆனால் விதியின் அடுத்த பகுதியைப் பாருங்கள். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கு, பேரணிக்கு, ஆராய்ச்சிக்கு, பெட்ரோல் போட, பழுது பார்க்கத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரிப் பயன்பாட்டுக்குக் கூடாது.

அதாவது, ஒழுங்காக வைத்திருந்ததற்குப் பரிசாக உன் வண்டி ஓடக் கூடாது. பரங்கிப்பேட்டையில் துக்கத்துக்குப் போக வேண்டுமென்றால் பெட்ரோல் போடப் போகிறேன் என்று பொய் சொல்லிக்கொண்டு போக வேண்டும். எனக்கு அந்தப் பட்டம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சாதாரண ஆர்.சி.யையே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்கிறேன். 2022 ஏப்ரலிலிருந்து 15 வருஷம் தாண்டிய பைக்குக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 1,000 ரூபாயாக ஏற்றினார்கள். முணுமுணுத்துக்கொண்டே கட்டினேன்.

புகை, மாசு என்று ஒரு பதில் வரும். நியாயமான பதில்தான். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் முப்பது கிலோமீட்டர் ஓடும் ஒரு வண்டியையும், தினமும் லோடு அடிக்கும் பழைய லாரியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு வரம்பு வைத்து ஓட்டவிடலாம். ஓடோமீட்டரைப் பார்த்து எழுதிக்கொள்வதில் என்ன கஷ்டம்?

ஓடாத வண்டி கெடும் என்பது அனுபவம். ஆயில் சீல் காய்ந்து வெடிக்கும், பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், டேங்கில் தண்ணீர் சேரும். 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு இது இன்னும் மோசம். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பரையும் அரிக்கும். போன மழைக்காலத்தில் மூன்று வாரம் எடுக்காமல் விட்டேன். பெட்ரோல் டியூப் விரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. இப்போது அதைத் தாங்கும் டியூப் மாற்றியிருக்கிறேன். அதுவும் ஒரிஜினல் இல்லைதான்.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு கதை நம்மில் பலருக்குத் தெரியும். இளைஞராக இருந்தபோது வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். ஓட்டலில் வேலைசெய்து காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? துடைத்துப் பொட்டு வைத்து நிறுத்தவில்லை. அக்கக்காகக் கழற்றினார், மறுபடி பூட்டினார். அவருக்கு இயந்திரப் படிப்பு அதில்தான் ஆரம்பம். பிற்பாடு பஸ் கம்பெனியும் மோட்டாரும் அவர் கையிலிருந்து வந்தன. அவர் அன்றைக்கு அதை ஆலை வாசலில் இருந்தபடி வைத்துக் கும்பிட்டிருந்தால் நமக்கு ஒரு நல்ல ரட்ஜ் மிஞ்சியிருக்கும், ஜி.டி. நாயுடு கிடைத்திருக்கமாட்டார்.

ஆனால் அப்படி மிஞ்சிய ரட்ஜை இன்றைக்குக் கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நானே குறுக்கே படுப்பேன். புல்லட் லட்சக்கணக்கில் இருக்கிறது, என் ஒரு வண்டி தேய்ந்தால் சரித்திரம் தேயாது. ஒன்றே ஒன்று மிஞ்சியிருப்பதைத் தேய்க்க எவனுக்கும் உரிமையில்லை. இந்தக் கணக்கை வெள்ளைக்காரன் வேறு மாதிரிப் போடுகிறான், அதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1930-லிருந்து ஒரு ஓட்டம் நடக்கிறது. 1915-க்கு முந்திய மோட்டார் சைக்கிள்கள் மட்டும் எப்சமிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை ரோட்டில் போகின்றன. நூறு வயது தாண்டிய வண்டிகள் மேட்டில் மூச்சிரைத்து நிற்கும், ஓட்டுகிறவர் இறங்கித் தள்ளுவார், மறுபடி ஏறுவார். நம் பேரணிகளில் பழைய வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, இரண்டு பர்லாங் ஓட்டி, மாலை வாங்கிக்கொண்டு மறுபடி லாரியில் ஏற்றுவதைப் பார்க்கும்போது எனக்கு உற்சவமூர்த்தி ஞாபகம்தான் வருகிறது.

பொங்கலுக்கு வந்தபோது அக்கா மகனிடம் சாவியைக் கொடுத்தேன். ஆறு வருஷமாகப் பழைய வண்டிகளைப் பற்றிப் பேசுகிறான், வலதுகால் கியர் வண்டி ஒன்றைக்கூட ஓட்டியதில்லை. “கியர் வலதுகால், பிரேக் இடதுகால். முதல் கியர் மேல, மத்ததெல்லாம் கீழ” என்று மூன்று முறை சொல்லி அனுப்பினேன். தலையாட்டினான். ஏரிக்கரைத் திருப்பத்தில் நாலைந்து ஆடு குறுக்கே வந்தது. பழக்கதோஷத்தில் வலதுகாலை ஓங்கி அமுக்கினான். பிரேக் பிடிக்கவேண்டிய வண்டி அடுத்த கியருக்குப் போயிற்று. ஆடுகளுக்குப் புத்தி இருந்தது, ஒதுங்கிக்கொண்டன. அவன் வரப்போரம் இறங்கி நின்றான். குதிகாலால் மிதித்தால் நியூட்ரலுக்குக் கொண்டுவரும் குட்டி லீவர் ஒன்று உண்டு. அது எதற்கென்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தான். அந்தத் தாளில் அதன் படம் இருக்கிறது.

மறுநாளும் எடுத்துக்கொண்டு போனான். அதற்கு அடுத்த நாள் என்னைக் கேட்கவே இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்து எனக்குக் காட்டினான். பிளக்கின் பீங்கான் மூக்கு வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் அதிகம். முதல் சூட்டில் எடுத்த கட்டையை நாங்கள் பிஸ்கட் என்போம். மூக்கு நிஜ பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி என்று சொல்லிக்கொடுத்தேன். அந்த நிறத்தில்தான் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை புதுப்பேட்டையிலிருந்து போன் செய்தான். ஒரு கடையில் பழைய அமால் கார்புரேட்டர் இருக்கிறதாம். ஸ்லைடு நன்றாக இருக்கிறது, விலைதான் கொஞ்சம் அதிகம் என்றான்.

“வாங்கிடவா மாமா?”

“வாங்கு. ஓட்டிப் பாப்போம், சரிப்படலன்னா சாக்குல கெடக்கட்டும்.”

“அப்புறம் அந்த சாரி கார்டு…”

“அடுத்த தடவ வரும்போது உங்கம்மாவப் பின்னால உக்காரவெச்சு சேத்தியாத்தோப்பு வரைக்கும் போயிட்டு வா. வந்து சொல்லு, கழட்டலாமா வேணாமான்னு.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் கடைக்காரர் யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

“அந்த கார்புரேட்டர்ல மெயின் ஜெட்டு இருக்கான்னு பாத்து வாங்குடா” என்றேன். “இல்லாமயே தலையில கட்டிடுவாங்க.”